ஏழாம் பலகையின் கண்கள்

வெற்றி வளைவின் திறப்பு விழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது முதற்காவலரின் ஏழாவது முகத்தில் ஒரு குறை தென்பட்டது. முதற்காவலர் முகத்தில் குறை என்று மேட்டுநகரில் யாரும் வாயைத் திறந்துவிட முடியாது. ஆகவே கல்லில் குறை என்று எழுதினார்கள்.

"பார்வை செத்துக் கிடக்கு மேடம். மத்த பதினோரு முகத்தையும் பாருங்க, கண்ணு ரெண்டும் ஆளை அப்படியே கட்டிப்போடுது. இந்த ஏழாம் பலகையில மட்டும் தூங்கி வழியுற மாதிரி இருக்கு" என்றான் வில்வநாதன். சடங்குத் துறையின் துணைச் செயலர். முப்பத்தெட்டு வயதிலேயே அந்த நாற்காலியைப் பிடித்துவிட்டவன். ரோமாபுரிச் சரித்திரம் அவனுக்குத் தலைகீழ்ப் பாடம். கேட்க ஓர் ஆள் அகப்பட்டால் மதியச் சாப்பாட்டையும் மறந்துவிடுவான்.

செண்பகவடிவு தலையாட்டினாள். கல்வாசிப்புப் பிரிவில் இருபது வருஷமாக இருக்கிறாள். அந்தப் பிரிவில் இருப்பதே அவள் ஒருத்திதான். அதிகாரிகள் பேசும்போது எந்த இடத்தில் தலையாட்ட வேண்டும் என்பது அவளுக்கு அத்துப்படி.

கடல் கரையோரத்து ஊர்களையெல்லாம் விழுங்கிய பிறகு, தப்பிய சனம் ஏறிவந்து குடியிருக்கும் தலைநகர் மேட்டுநகர். அதன் நடுவில் மூன்று வாசலோடு நிற்கிறது வளைவு. அதில் பன்னிரண்டு சிற்பப் பலகைகள். ஒன்றுகூடப் புதிது கிடையாது. முன்னால் ஆண்ட தலைவர்களின் நினைவு மண்டபங்களிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்தவை. ஒவ்வொன்றிலும் பழைய தலைவரின் தலையை மட்டும் குடைந்தெடுத்துவிட்டு, அந்தக் குழியில் ஊதாக் கல் கட்டை ஒன்றைப் பொருத்தி, அதில் முதற்காவலரின் முகத்தைச் செதுக்கியிருந்தார்கள். ஏழாம் பலகையில் அவர் பெருவெள்ளத்தில் இடுப்பளவு நீரில் நின்று சனங்களைக் கைதூக்கி விடுகிறார். அந்த வெள்ளம் வந்தபோது முதற்காவலர் மூன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தார்.

"எல்லாத்தையும் புதுசாவே செதுக்கியிருக்கலாமே சார்?" என்று வடிவு ஒருமுறை கேட்டிருக்கிறாள். அன்று வில்வநாதனுக்கு வந்த உற்சாகத்தைப் பார்க்க வேண்டும்.

"அங்கதான் மேடம் விஷயமே இருக்கு. ரோமாபுரியில கான்ஸ்டன்டைன் இதைத்தான் செஞ்சார். டிராஜன், ஹேட்ரியன், மார்க்கஸ் அரேலியஸ்னு சனங்க நல்லவங்கன்னு கும்பிட்ட பழைய சக்கரவர்த்திகளோட சிற்பத்தையெல்லாம் தன் வளைவுல கொண்டுவந்து பதிச்சார். தலையை மட்டும் தன் தலையா மாத்திட்டார். அவங்க வேட்டையாடினது, போர் செஞ்சது, சனங்களுக்கு வாரிக் குடுத்தது எல்லாம் இவர் செஞ்சதாயிடுச்சு. புதுசாச் செதுக்கினா வெறும் புகழ்ச்சி. பழசுல தலையை மாத்தினா அது சரித்திரம்."

"முகம் அவரு மாதிரியே இருக்கணுமே சார்?"

"அப்படியெல்லாம் அவசியமில்லை. அந்தக் கடைசிக் காலத்துச் சிலைகளைப் பாருங்க. நாலு ராஜா ஒண்ணா ஆண்டாங்க, ஊதாக் கல்லுல நாலு பேருக்கும் ஒரே முகம். யாரு யாருன்னு இன்னிக்கு வரைக்கும் அடிச்சுச் சொல்ல முடியலை. ஆள் முக்கியமில்லை மேடம், பதவிதான் முக்கியம். கண்ணு மட்டும் பெருசா இருக்கணும். ஆழமாத் துளை போட்டு அதுல நிழல் தங்கணும். அது உங்களைப் பார்க்காது, உங்க தலைக்கு மேல எதையோ பார்க்கும். ஆனா நீங்க அதைப் பார்க்காம தாண்ட முடியாது."

அதற்கும் ஏற்பாடு இருந்தது. வளைவைக் கடக்கிற எவரும் ஏதாவது ஒரு பலகையின் அடியில் நின்று மூன்று விநாடி அண்ணாந்து பார்க்க வேண்டும். வாசலில் பதித்த கருவி கண்விழியின் போக்கை அளந்து, பார்வை எண்ணிக்கையில் சேர்த்துக்கொள்ளும். வெள்ளோட்டத்தில் ஏழாம் பலகை கடைசி இடத்துக்குப் போய்விட்டது. அதுதான் இந்த அமளிக்கெல்லாம் காரணம்.

"கண்ணை ஆழப்படுத்தணும். உள்ள எவ்வளவு தூரம் துளை போகலாம், கல்லு தாங்குமான்னு வாசிச்சுச் சொல்லிடுங்க. ஊதாக் கல்லு, சொத்தையாப் போச்சுன்னா வேற கட்டை கிடையாது" என்றான் வில்வநாதன்.

உண்மைதான். ஊதாக் கல் முதற்காவலருக்கு மட்டுமே உரியது. வேறு எவர் வீட்டிலும் அம்மிக்கல்லாகக்கூட அது இருக்கக் கூடாது என்று உத்தரவு.

வடிவின் வாசிப்புப் பெட்டி கைக்கடக்கமானது. உளி விழும்போது மேலே சில்லு தெறிப்பது எல்லார் கண்ணுக்கும் தெரியும். உள்ளே இரண்டு விரல் ஆழத்துக்குக் கல் கன்றிப்போவது தெரியாது. மேல்பகுதியைச் செதுக்கி எறிந்தாலும் அந்தக் கன்றல் போகாது. ஒலியை உள்ளே அனுப்பி அந்தக் கன்றலைப் பெட்டி வாசித்துவிடும். அழிந்த எழுத்தும் அழிந்த மூக்கும் திரையில் திரும்ப எழுந்து வரும். பழைய தலைவர்களின் முகம் எந்தக் கல்லிலும் ஒளிந்திருக்கக் கூடாது என்பதற்காகவே அரசு இந்தப் பெட்டியை வைத்திருந்தது.

அரசு வலையோடு இணைக்கப்படாத கருவி ஊரிலேயே அது ஒன்றுதான். இணைத்தால் பிழைப்பு நடக்காது. முகநீக்கச் சட்டம் வந்த பிறகு, நீக்கப்பட்ட ஒருவரின் முகத்தைக் கண்ட மாத்திரத்தில் எந்த இயந்திரமும் அதைத் தானாக அழித்துவிடும். கண்டவர் பெயரையும் மேலே அனுப்பிவிடும். பெட்டியும் அப்படி அழித்துக்கொண்டே இருந்தால் சோதனை எப்படி நடக்கும்? ஆகவே பெட்டி பார்க்கும், காட்டும், அணைத்ததும் மறந்துவிடும். பார்த்ததை வடிவு எழுதிக் கையெழுத்துப் போடுவாள்.

முகநீக்கம் என்றால் என்ன என்று வடிவுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அவள் புருஷன் இசக்கிராசு பூகோள வாத்தியார். கடலுக்குள் போன ஊர்களின் பெயர்களை வாயில் எடுக்கக் கூடாது என்றிருந்த காலத்தில், கரும்பலகையில் பழைய கரையை வரைந்து அத்தனை ஊர்ப் பெயரையும் எழுதிப்போட்டான். பதினோரு வருஷம் ஆகிறது, அரசு ஆட்கள் அவனைக் கூட்டிக்கொண்டு போய். மறுநாள் காலையில் அவள் கைபேசியிலிருந்த கல்யாணப் படத்தில் அவள் மாலையும் கழுத்துமாக நிற்கிறாள், பக்கத்தில் அவன் நின்ற இடத்தில் ஒரு வாழைமரம் நிற்கிறது. ஊரில் எவரிடமும் காகிதப் படம் கிடையாது. அந்தப் பழக்கமே ஒழிந்து ரொம்ப நாளாயிற்று.

முகத்தை மனதில் வைத்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தாள். முதலில் மூக்கு போயிற்று. பிறகு வாய். கன்றிப்போன கல்லுக்குள்ளிருந்து யார் யார் முகத்தையோ எடுத்துக் கொடுக்கிறவளுக்குச் சொந்தப் புருஷனின் முகம் பிடிபடவில்லை. மிஞ்சியது இரண்டே அடையாளம்: வெளியே துருத்திக்கொண்டிருக்கும் இடது காது, சைக்கிளிலிருந்து விழுந்து இரண்டாகப் பிளந்த இடது புருவம். இருக்கிறானா செத்தானா என்று சொல்வதற்கு நாதியில்லை. ஒவ்வொரு நாள் காலையும் குங்குமம் வைக்கும்போது அந்தக் கேள்வியைத் தன்னையே கேட்டுக்கொள்வாள். வேலையை விட்டுவிடலாம் என்று எத்தனையோ தடவை தோன்றியிருக்கிறது. விட்டுவிட்டால் அவனைப் பற்றிக் காதில் ஒரு சொல் விழவும் வழியில்லாமல் போகுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டாள்.

மறுநாள் காலை பத்து மணிக்குச் சாரத்தில் ஏறினாள். கீழே கல்லுக் குவியலின்மேல் ஆவுடையப்ப ஆசாரி உட்கார்ந்திருந்தார். பன்னிரண்டு முகத்தையும் செதுக்கியவர் அவர்தான். ஐம்பது வயதிருக்கும். அவரும் நாலு வருஷம் சிறையில் இருந்துவிட்டு வந்தவர் என்று வேலைக்காரர்கள் பேசிக்கொள்வார்கள். அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

பெட்டியை முதற்காவலரின் கன்னத்தில் பதித்தாள். புதுக்கட்டை என்பதால் உள்ளே ஒன்றும் இருக்கக் காரணமில்லை. திரையில் முதலில் மேல்முகம் விலகியது. அதன் அடியில் வெறும் கல் வர வேண்டும். வரவில்லை. ஒரு நெற்றி வந்தது. கன்ன எலும்பு வந்தது. எவனோ பழைய தலைவன் என்று நினைத்து அலுத்துக்கொண்டாள். புதுக்கட்டையில் பழைய தலைவன் எப்படி வருவான் என்று அடுத்த நொடியே உறைத்தது.

பிறகு காது வந்தது. துருத்திக்கொண்டிருந்த இடது காது.

புருவம் வருவதற்குள் சாரக் கழியைப் பிடித்துக்கொண்டாள். பிளந்த புருவம், மூக்கு, மேலுதட்டின் சின்ன மடிப்பு என்று தொலைந்ததெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்ப வந்து அதனதன் இடத்தில் உட்கார்ந்தது. ஆமாம், இந்த மூக்குதான், இதைப் போய் எப்படி மறந்தேன் பாவி என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அப்புறந்தான் கண்ணைப் பார்த்தாள். இமை இரண்டும் மூடியிருந்தன.

"ஆசாரி, மேல வாங்க" என்றாள்.

அவர் ஏறி வந்தார். திரையைப் பார்த்தார். அவள் முகத்தில் ஈயாடவில்லை என்பதையும் பார்த்தார்.

"எழுதிக் குடுக்கப் போறீயளா தங்கச்சி?"

"இவுக முகம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நாப்பது நாளு ஒரே கொட்டடியில கெடந்தோம். எனக்குத் தெரியாமலா? ஓயாம உங்க பேரைத்தான் சொல்லுவாரு. கல்லு படிக்கிற பொம்பளை என் பொண்டாட்டின்னு அம்புட்டுப் பெருமை. இந்த வளைவு வேலைக்கு என்னைத் தேடி வந்தப்ப நெனைச்சேன். இவனுவ எந்த முகத்தையும் எந்த எந்திரத்துலயும் விட்டு வைக்கல. கல்லுக்குள்ள மட்டும் கைய விட முடியாது. பன்னெண்டு கட்டையிலயும் மொதல்ல காணாமப்போன ஆளு முகத்தைச் செதுக்கினேன். அதுக்கு மேல இந்த ஆளைச் செதுக்கினேன். ராசாக் கல்லுல அவுகளுக்கு முகம்."

"பன்னெண்டு பேரையும் உங்களுக்குத் தெரியுமா?"

"ஒருத்தரைத்தான் தெரியும். மத்தவுகளை வீட்டாளுக வந்து வாயால சொன்னாவ. மூக்கு இப்படி, நாடி இப்படின்னு. ஒரு அம்மா மூணு மாசம் வந்து சொன்னா, கடைசியில அவ மகனைத் தொட்டுப் பாத்துட்டுப் போனா. அப்புறமா அதை நானே வெட்டி எறிஞ்சேன்."

வடிவு மூடிய இமையைத் திரையில் காட்டினாள்.

ஆவுடையப்பன் தலையைக் குனிந்துகொண்டார். "கண்ணு தொறக்குறது எங்க தொழில்ல கடைசி வேலை. தொறந்தாத்தான் உசுரு. இருக்காரா இல்லையான்னு தெரியாதவுகளுக்கு நான் கண்ணைத் தொறந்து வச்சிருக்கேன். மத்த பதினோரு பேருக்கும் துளை ஆழமாப் போவும். இந்த ஆளு பாக்குறதெல்லாம் அவுக கண்ணு வழியாத்தான். உங்க வீட்டுக்காரருக்கு எப்படித் தொறப்பேன்? நாப்பதாம் நாளு என் மடியிலதான் போனாரு. நான்தான் கண்ணை மூடிவிட்டேன்."

கீழே யாரோ கலவை இயந்திரத்தை ஓட்டினார்கள்.

"பதினோரு வருசமாச்சே அண்ணாச்சி. ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லியிருக்கக் கூடாதா?"

"எப்படிச் சொல்லுவேன்? நீங்க சர்க்காரு ஆளு. சொன்னாலும் நம்புவீயளா? கண்ணு ஆழமில்லன்னா இவனுவ பெட்டியோட உங்களைத்தான் அனுப்புவானுவன்னு தெரியும். நான் சொல்லி நம்புறதைவிட நீங்களே படிச்சுக்கிடட்டும்னு விட்டுட்டேன்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு கேட்டுக்கிடுங்க. நெத்திக் குங்குமத்தை அழிச்சிராதீய. அவரு செத்தது உனக்கு எப்படித் தெரியும்னு கேப்பானுவ. பன்னெண்டு கல்லையும் பொடியாக்கிருவானுவ."

அந்த நேரம் பார்த்துக் கீழேயிருந்து வில்வநாதனின் குரல் வந்தது. "என்ன மேடம், எவ்வளவு ஆழம் போகலாம்?" சாரத்தின் முதல் படியில் கால் வைத்துவிட்டான்.

ஓர் அரை விரல் ஆழம் துளைத்தால் போதும், முதற்காவலரின் பார்வைக்கு உயிர் வந்துவிடும். அந்த அரை விரலில் இசக்கிராசின் இமைகள் உடைந்து கண் திறந்துவிடும். வடிவுக்கு அந்த நொடியில் அப்படி ஓர் ஆசை வந்ததை மறைப்பதற்கில்லை. திறக்கட்டுமே. கல்லிலாவது உயிரோடு இருக்கட்டுமே. நேற்றுவரை இருந்ததுபோல் இருப்பானோ இல்லையோ என்று காத்துக்கொண்டே மிச்சத்தையும் ஓட்டிவிடலாமே. பக்கத்தில் ஆவுடையப்பன் நின்றிருந்தார். அவர் விரல்கள், அந்தக் கண்களை மூடிய விரல்கள், சாரக் கழியைப் பற்றியிருந்தன.

"கொஞ்சம் காட்டுங்க மேடம், நானும் பார்க்கிறேன்" என்று வில்வநாதன் பாதி ஏறிவிட்டான்.

"வாங்க சார். பலகையில பழைய தலைவர் ஒடம்பு இருக்கு, அதுல என்ன தெரியும்னு எனக்கே சொல்ல முடியாது. நீக்கின முகத்தைப் பார்க்க அனுமதி இந்த ஊர்ல எனக்கு மட்டுந்தான். உங்க கண்ணுல ஏதாவது பட்டா நானே எழுதிக் குடுக்கணும்" என்றாள் வடிவு.

அவன் நின்றான். சட்டத்தை எழுதும்போது உடனிருந்தவன் அவன். இரண்டு படி கீழே இறங்கியும் விட்டான்.

"வெறும் கல்லுதான் சார். ஆனா கண்ணுக்குப் பின்னால ஒரு கீறல் ஓடுது. துளைபோட்டா நெத்தி வரைக்கும் பிளந்துரும்" என்று ஒரு திருத்தமான பொய்யைச் சொல்லிவிட்டுப் பெட்டியை அணைத்தாள். அணைப்பதற்கு முன் இன்னொரு தடவை பார்த்தாள். இனி அந்தப் பெட்டியை இந்தக் கல்லின் அருகே கொண்டுவர அவளுக்குக் காரணம் கிடைக்காது.

"அப்போ என்ன மேடம் செய்யறது? முதற்காவலர் தூங்கிக்கிட்டே ஊரைப் பார்க்க முடியுமா?"

"துளை வேண்டாம். கண்ணுல கறுப்புக் கல்லைப் பளபளன்னு தேய்ச்சுப் பதிச்சுரலாம். ஆழம் இருக்கிற மாதிரி தெரியும்."

வில்வநாதனின் முகம் மலர்ந்தது. "அட, ரோமாபுரியிலயும் கண்ணுக்குக் கல் பதிச்சிருக்காங்களே! எனக்கு ஏன் இது தோணலை?"

விழா கோலாகலமாக நடந்தது. முதற்காவலர் வந்து பன்னிரண்டு முகத்தையும் அண்ணாந்து பார்த்துவிட்டு, ஏழாம் பலகையில்தான் உயிர் இருக்கிறது என்று சொன்னாராம். வடிவு கூட்டத்தோடு கூட்டமாக நின்று கை தட்டினாள். தட்டாதவர்களையும் ஒரு கருவி எண்ணிக்கொண்டிருந்தது.

ஒரு மாதம் கழித்து வில்வநாதன் அவளைக் கூப்பிட்டனுப்பினான். மேசையில் தாள்களைப் பரப்பிவைத்திருந்தான். கண் கலங்கியிருந்தது.

"நம்பவே முடியலை மேடம். மூணு விநாடி பார்த்தாப் போதும்னு சொன்னோம். தினமும் வந்து கால்மணி நேரம், அரைமணி நேரம் நிக்கிறாங்க. அவங்கவங்களுக்குன்னு ஒரு பலகை வச்சிருக்காங்க, அதை விட்டு நகர மாட்டேங்கிறாங்க. ஒரு அம்மா மூணாம் பலகையைப் பார்த்துக் கன்னத்துல போட்டுக்கறா. சிலர் அழறாங்க. சனங்க இவ்வளவு அன்பை எங்க வச்சிருந்தாங்கன்னு முதற்காவலரே கேட்டார். நாப்பது ஊர்ல இதே மாதிரி வளைவு வைக்க உத்தரவாயிடுச்சு. நாப்பது வளைவுக்கும் பன்னெண்டு பன்னெண்டு தலை. எல்லாம் இதே ஆசாரிதான் செய்யணுமாம். அவ்வளவு முகத்துக்கு அவர் எங்க போவார்னுதான் எனக்குக் கவலை."

"செஞ்சிருவாரு சார். முகத்துக்கு இங்க பஞ்சமில்ல" என்றாள் வடிவு.

அவன் அதைக் காதில் வாங்கவில்லை. ஒரு சிவப்புப் பெட்டியைத் திறந்து பதக்கம் ஒன்றை எடுத்தான். பார்வை எண்ணிக்கையில் தலைநகரிலேயே முதல் இடம் அவளுக்கு. முப்பது நாளும் ஏழாம் பலகையின் அடியில், நாள் தவறாமல். சேலையில் அவனே குத்திவிட்டான். ஒதுங்கி நின்று அழகு பார்த்தபோது அவள் நெற்றியில் இருந்த குங்குமம் அவன் கண்ணில் பட்டது.

"வீட்டுக்காரரையும் கூட்டிக்கிட்டு வந்திருக்கலாமே மேடம். இந்த நேரத்துல வேலைக்குப் போயிருப்பாரோ?"

கேலியில்லை. நீக்கப்பட்டவனுக்கு எந்த ஏட்டிலும் பெயரில்லை. அவனுக்கு நிஜமாகவே தெரியாது.

"இல்ல சார், தூங்கிக்கிட்டு இருப்பாரு" என்றாள்.

மறுநாள் காலையில் குளித்துவிட்டுக் கண்ணாடி முன் நின்றாள். இப்போது முகம் மறக்கவில்லை. கண்ணை மூடினால் மூக்கும் வாயும் அப்படியே வந்தன. ஓவென்று அழுவதற்குச் சுவரெல்லாம் காது இருக்கும் வீடு அது. பதினோரு வருஷமாக இருக்கிறானா இல்லையா என்று தெரியாமல் வைத்த குங்குமத்தை ஒரு மாதமாகத் தெரிந்தே வைக்கிறாள். டப்பாவைத் திறந்து, வட்டமாக, கோணாமல் வைத்துக்கொண்டு, பதக்கத்தையும் குத்திக்கொண்டு வளைவைப் பார்க்கக் கிளம்பினாள்.